வெள்ளைப் பட்டைக் குரங்கு

மனாவுஸ்
மார்ச் 3, 1987

அன்புள்ள ஒஸ்மரீனா அக்காவுக்கு,

முதலில் உன் ஆசி வேண்டும். அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மாவு வறுக்கும் அடுப்பின் முன்னால் குனிந்தே நிற்காதே என்று சொன்னால் நீ கேட்கவா போகிறாய். நான் சுகம். இங்கே மழை விட்டபாடில்லை.

ஒரு சேதி. உட்கார்ந்துகொண்டு படி. நான் வேலை பார்க்கும் தோல் அறையை உனக்குத் தெரியுமே, கல்லூரியின் பின்கட்டில், அந்துருண்டை வாசனையும் இழுப்பறைகளுமாக. ஆயிரம் செத்த விலங்குகளுக்கு ஒரே காவல்காரன் என்று என்னைக் கேலி செய்வாய். போன வாரம் பேராசிரியர் எஸ்தெலா ஒரு பழைய பெட்டியைத் திறக்கச் சொன்னார். 1961இல் நம் தபாரி ஆற்றிலிருந்து வந்த பெட்டி. அதில் ஒரு ஸோகி-ஸோகிக் குரங்கின் தோல். பழுப்பு உடம்பு, செங்கன்னம், எல்லாம் நாம் பார்த்த குரங்குதான். ஆனால் இடுப்பைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை முடி, பட்டை போல. காலில் கட்டிய சீட்டில் ‘தபாரி ஆறு, இடக்கரை, ஓடைத் தலைப்பு’ என்று இருந்தது, நம் ஓடை ஊற்றெடுக்கும் இடம். சீட்டைத் திருப்பினேன் அக்கா. பென்சில் எழுத்தில், ‘சுட்டவர்: பெல்மிரோ’. நம் அப்பா!

ஸோகி-ஸோகி வலக்கரையில் மட்டும்தான் உண்டு, நம் கரையில் கிடையாது என்றுதான் எல்லோரும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நீந்தத் தெரியாது. குறுக்கே ஆறு கிடந்தால் இரண்டு கரையிலும் இரண்டு இனமாகப் பிரிந்துவிடுவது வழக்கம். ஆகவே இடக்கரையில் வெள்ளைப் பட்டையோடு ஒன்று கிடைத்திருக்கிறது என்றால், அது இதுவரை யாரும் பெயர் வைக்காத புது இனம் என்கிறார் பேராசிரியர். பெயர் என்ன தெரியுமா? அப்பாவின் பெயரை லத்தீனில் திருப்பி வைக்கப்போகிறார். “இவ்வளவு நாளும் பெட்டி கட்டினவன் பேரத்தானே வச்சிருக்கோம், அதெல்சன். இந்தத் தடவை துப்பாக்கி பிடிச்சவர் பேர்தான்” என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத மனிதரின் பெயர், உலகம் இருக்கும்வரை புத்தகங்களில் இருக்கும்.

உன் அன்புத் தம்பி,
அதெல்சன்


தபாரி
மார்ச் 29, 1987

என் அதெல்சனுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் நல்ல சிநேகிதம். அத்தான் வலை பின்னுகிறார். சின்னவனுக்குப் பல் விழுந்திருக்கிறது.

கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன். அப்புறம் எழுந்திருக்க நேரமாயிற்று. அப்பாவுக்கா இந்தப் பெருமை! சீட்டு விளையாட்டில் ஒரு நாளும் ஜெயிக்காதவர். அத்தானிடம் சொன்னேன். “குரங்குக்கு உங்கப்பா பேரா? ரெண்டும் பழம் திருடும், பொருத்தம்தான்” என்றார். அவருக்கு அன்று மீன் குழம்பில் உப்புப் போடவில்லை.

அந்தத் தோலை எப்படி வைத்திருக்கிறீர்கள்? தனி இழுப்பறையா, மற்றதோடு சேர்த்தா? பூச்சி அரிக்காதே? வாலும் இருக்கிறதா? ஸோகி-ஸோகிக்கு வால்தானே அழகு. சும்மா கேட்கிறேன். நீ தொடும்போது கொஞ்சம் மெதுவாகத் தொடு.

பணம் எதுவும் அனுப்பாதே. சட்டை வாங்கிக்கொள்.

அக்கா,
ஒஸ்மரீனா


மனாவுஸ்
ஏப்ரல் 20, 1987

அன்புள்ள அக்கா,

உன் ஆசி. பல் விழுந்தவனுக்கு ஒரு முத்தம்.

வால் இருக்கிறது, முழுதாக. தனி இழுப்பறை, அடியில் பஞ்சு. புது இனத்தின் முதல் தோல் என்றால் ராஜ மரியாதை. இனி எந்த ஊரில் யார் ஸோகி-ஸோகியைப் பிடித்தாலும் இந்தத் தோலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எந்த இனம் என்று தீர்மானிப்பார்கள்.

போன வாரம் முழுக்க அளவு எடுத்தேன். பெண் குரங்கு. காது, பாதம், வால், பல் எல்லாம் எழுதியாயிற்று. இடது கையின் சுண்டுவிரலில் மேல் கணு இல்லை. பழைய காயம், நன்றாக ஆறியிருக்கிறது. வேறு குரங்கு கடித்திருக்கும் என்று பேராசிரியர் எழுதச் சொன்னார். எழுதினேன்.

கட்டுரை செப்டம்பரில் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்பு, ஆகஸ்டில் தண்ணீர் வடிந்ததும், அவர் தபாரிக்கே வருகிறார். உயிரோடு ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். உன் வீட்டில்தான் தங்குவார். அப்பாவைப் பற்றி உன்னிடம் கேட்டு எழுதிக்கொள்வார்.

அந்தச் சுண்டுவிரலைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றுமில்லை. விடு.

உன் தம்பி,
அதெல்சன்


தபாரி
மே 17, 1987

என் அதெல்சனுக்கு,

கடவுள் ஆசீர்வதிக்கட்டும். எல்லோரும் சுகம்.

சேதி ஆறு முழுக்கப் பரவிவிட்டது. லாஞ்சுக்கார ஒசெயாஸ் காதில் விழுந்தால் போதாதா, துறைக்குத் துறை நிறுத்திச் சொல்லியிருக்கிறார். மாதம் ஒருமுறை வருகிற பாதிரியார் பூசை முடிந்ததும் அப்பா பெயரைச் சொல்லி எல்லோரையும் கை தட்டவைத்தார். பக்கத்து வீட்டு ஜஸிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. “எங்கப்பா ரெண்டு ஜாகுவார் புலி சுட்டாரு, அதுக்கு யாரும் பேர் வைக்கல” என்கிறாள். புலிக்கு ஏற்கெனவே பேர் இருக்கிறது, போடி என்றேன்.

அம்மாதான் பாவம், பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. கல்லறைக்குப் போய் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

பேராசிரியர் வரட்டும். புதுக் கொசுவலை தைத்துவிட்டேன். அவருக்கு என்ன பிடிக்கும், மீனா கோழியா?

அக்கா,
ஒஸ்மரீனா


மனாவுஸ்
ஜூன் 9, 1987

அன்புள்ள அக்கா,

உன் ஆசி. மீன் பிடிக்கும்.

சுண்டுவிரலைப் பற்றி எழுதியிருந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சின்ன வயதில் நான் கிழங்கு அரைக்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனால் நீ என்ன சொல்லி மிரட்டுவாய், ஞாபகம் இருக்கிறதா?

அப்பா அந்தக் குரங்கை எங்கே சுட்டார் என்று உன்னிடம் எப்போதாவது சொன்னாரா? யோசித்து எழுது. அவசரம் இல்லை. நீ எழுதாவிட்டாலும் எனக்கு வருத்தம் இல்லை.

அதெல்சன்


தபாரி
ஜூலை 2, 1987

அதெல்சனுக்கு,

ஆசி. காட்டில் எத்தனையோ ஜந்துக்களுக்கு விரல் இருக்காது. ஓடைத் தலைப்பில் சுட்டதாகத்தான் அப்பா சொன்னார், சீட்டிலும் அப்படித்தானே இருக்கிறது.

ஒசெயாஸிடம் ஒரு மூட்டை மாவு கொடுத்திருக்கிறேன். நனையாமல் வாங்கிக்கொள்.

ஒஸ்மரீனா


மனாவுஸ்
ஜூலை 25, 1987

அன்புள்ள அக்கா,

உன் ஆசி. மாவு வந்தது, கொஞ்சம்கூட நனையவில்லை. கல்லூரியில் பாதிப் பேர் வாயில் உன் மாவுதான்.

இந்தக் கடிதத்தைப் பேராசிரியரிடமே கொடுத்தனுப்புகிறேன். பார்க்க அதட்டலாக இருப்பார், மனசு பஞ்சு. அறுபத்து மூன்று வயது, வலது முழங்கால் சரியில்லை. சொன்னால் கோபம் வரும், அதனால் சொல்லாமல் அத்தானைக் கூடவே இருக்கச் சொல். என்னைக் கூட்டிவந்து இந்த வேலையில் உட்காரவைத்தவர் அவர். பத்து வருஷத்தில் நான் எழுதிய சீட்டு ஒன்றையும் அவர் சரிபார்த்ததில்லை. “நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்பார்.

அக்கா, நான் அவரிடம் ஒன்றைச் சொல்லாமல் இருக்கிறேன். அவரிடம் சொன்னால் அது உன் காதுக்கும் வரும். வந்தால் நீ தாங்கமாட்டாய் என்று பயம். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். சில நாள் அப்பாவை நினைத்தால் கோபம்கூட வருகிறது. செத்தவர்மேல் கோபப்படுவது பாவம் என்று தெரியும்.

இதற்குமேல் கேட்காதே.

உன் தம்பி,
அதெல்சன்


தபாரி
ஆகஸ்ட் 30, 1987

என் கண்ணான அதெல்சனுக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். இன்றைக்கு யார் சுகம் என்றெல்லாம் எழுதப்போவதில்லை.

பேராசிரியர் எட்டு நாள் இருந்தார். வந்த அன்றே கேட்டார். நான் மனப்பாடம் செய்துவைத்ததை ஒப்பித்தேன். அப்பா ஓடைத் தலைப்பில் சுட்டார், நான் சின்னப் பெண், வேறு தெரியாது என்று. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அத்தான் முன்னால் வெட்டிக்கொண்டு போவார், இவர் பின்னால் சேற்றில் நொண்டிக்கொண்டு. ஐந்து நாள், அதெல்சன். ஐந்தாம் நாள் ஓடையில் விழுந்துவிட்டார். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. நான் இலை வைத்துக் கட்டினேன். ஒரு முனகல் இல்லை. “நாளைக்கு இன்னும் கொஞ்சம் மேல போய்ப் பாக்கணும்” என்கிறார்.

ஆறாம் நாள் காலையில் அக்கரையில் ஸோகி-ஸோகிகள் ஜோடி ஜோடியாகக் கூவின. அவர் முற்றத்தில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். “எல்லாம் அந்தப் பக்கமே கூவுதே, ஒஸ்மரீனா. இங்க ஒண்ணுகூட பதில் சொல்லலியே” என்றார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு நாள் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

அந்தத் தோல் நான் வளர்த்த தித்தா. உனக்கு அது தெரியும் என்று எனக்கும் தெரியும். அவள் சுண்டுவிரலைச் சக்கரம் தின்றது என்று நான்தானே உன்னை மிரட்டுவேன். வலக்கரையில் அப்பா ஒரு குரங்கைச் சுட்டபோது அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி அது. தாய் என்று நினைத்துச் சுட்டார், பார்த்தால் தகப்பன். இந்தக் குரங்குகளில் குட்டியைத் தூக்கிச் சுமப்பது தகப்பன்தான். எனக்கு ஏழு வயது. இடுப்பில் கயிறு கட்டினேன். அவள் வளர்ந்தாள், கயிற்றைத் தளர்த்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, மடச்சி. இறுகிப் புண்ணாயிற்று. ஆறியதும் அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்தது. பேராசிரியரின் புது இனம் என் கயிற்றுத் தழும்புதான். சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “நல்லவேளை, அச்சுக்குப் போகல” என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்தியிருக்கலாம். கரையும் கயிறும் தெரிந்தால் அவருக்குப் போதும். ஆனால் உன் கடிதத்தில் அப்பாமேல் கோபம் என்று எழுதியிருந்தாய். தித்தா காட்டில் ஜோடி சேர்ந்துவிட்டாள் என்று வீட்டில் சொன்னோமே, அது எனக்காகச் சொன்ன பொய், நான் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறாய். இல்லை கண்ணு. அது உனக்காகச் சொன்ன பொய்.

உனக்கு நான்கு மாதம். மலேரியா. ஏழு நாள் நெருப்பாகக் கொதித்தாய், எட்டாம் நாள் பாலைக் குடிக்கவில்லை. அம்மாவும் படுத்திருந்தாள். அப்போது தாடிக்காரர் ஒருவர் படகில் வந்து தோல்கள் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் மருந்துப் பெட்டி இருந்தது. கேட்டிருந்தால் சும்மாவே கொடுத்திருப்பாரோ என்னவோ. ஆனால் நம் ஆற்றில் கையை வீசிக்கொண்டு போய் யார் கேட்கிறார்கள்? ஏதாவது கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் கேட்போம். இந்த ஆற்றில் அவருக்கு இல்லாத தோல் ஸோகி-ஸோகி ஒன்றுதான். மூன்றாம் நாள் காலை அவர் படகு கிளம்புகிறது. அப்பா இரண்டு நாள் அக்கரையில் அலைந்தார். கொட்டுகிற மழையில் ஒன்றும் கூவவில்லை. வெறும் கையோடு வந்து படியில் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்குவதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அப்பா என்னைக் கேட்கவில்லை, அதெல்சன். தித்தா இருந்த பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. நான்தான் போய் அவள் கயிற்றை அவிழ்த்தேன். தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். “இவள கொண்டுபோங்கப்பா. எனக்குத் தம்பி வேணும்” என்றேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அப்போது நீ உள்ளே முனகினாய். அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார், மருந்தோடு திரும்பி வந்தார்.

வீட்டில் வளர்த்தது செல்லாது, காட்டில் சுட்டதுதான் வேண்டும் என்பது தாடிக்காரரின் சட்டம். அதனால் காட்டில் சுட்டேன் என்றார். எந்தக் கரை என்று கேட்டதற்கு இடக்கரை என்றார். வலக்கரை முழுவதும் அன்றைக்கு ரப்பர் முதலாளிக்குச் சொந்தம். அங்கே துப்பாக்கி எடுத்தான் என்று காதில் விழுந்தால் குடிசையைக் கொளுத்திவிடுவார்கள். அப்பா சொன்ன பொய்கள் இவ்வளவுதான்.

நீ வளர்ந்து விவரம் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவாய் என்றுதான் காட்டுக்குப் போய்விட்டாள் என்று சொன்னோம். விடியலில் அக்கரைக் கூவல் கேட்டால் நீ கையசைப்பாய். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அவர் பெயர் புத்தகத்தில் வராமல் போகட்டும். நீ அவர்மேல் கோபமாக இருக்கக்கூடாது. எனக்கு அது போதும்.

அக்கா,
ஒஸ்மரீனா


தபாரி
அக்டோபர் 4, 1987

அதெல்சனுக்கு,

ஆசி. லாஞ்சு இரண்டு முறை வந்துபோயிற்று. உன் கடிதம் இல்லை. ஒசெயாஸின் பையை நானே கொட்டிப் பார்த்தேன். அவருக்குக் கோபம்.

சொல்லியிருக்கக் கூடாதோ? ஜஸிந்தாவிடமும் சொல்லிவிட்டேன், குரங்குக்கு அப்பா பெயர் இல்லை என்று. சிரிப்பாள் என்று பார்த்தேன். ஒரு கோழியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

நீ சாப்பிடுகிறாயா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

அக்கா


மனாவுஸ்
அக்டோபர் 18, 1987

அன்புள்ள அக்கா,

உன் ஆசி. சாப்பிடுகிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன், மூச்சு விடு.

ஆறு முறை எழுதி ஆறு முறை கிழித்தேன். என்ன எழுதினாலும் நன்றி சொல்வது போலவே வந்தது. இதற்கு நன்றி சொன்னால் நீ துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவாய். அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதத்துக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், வாய்விட்டே, தோல் அறையில், யாரும் இல்லாதபோது.

பேராசிரியர் இன்னும் கோல் ஊன்றித்தான் நடக்கிறார். உன் இலைக் கட்டைப் பற்றி டாக்டர்களிடம் பெருமை அடிக்கிறார். கட்டுரையை எடுத்துக் கிழித்துவிட்டார். ராஜ மரியாதைக்காரி இனி வலக்கரை ஸோகி-ஸோகிகளின் இழுப்பறைக்குப் போகவேண்டும். அவள் இனத்தார் பதினான்கு பேர் அங்கே இருக்கிறார்கள். அதற்குமுன் புதுச் சீட்டு எழுதச் சொன்னார், பழையதை எடுக்காமல் அதன்மேல் கட்டவேண்டும்.

நேற்றுக் காலை எழுதினேன். ஆறு: தபாரி. கரை: வலது. வீட்டில் வளர்ந்தது. இடுப்பின் வெள்ளை முடி கயிற்றுத் தழும்பு. இடது சுண்டுவிரல் கிழங்கு அரைக்கும் சக்கரத்தில் போனது. அடுத்து ‘கொடுத்தவர்’ என்று ஒரு கட்டம். பெல்மிரோ என்று எழுதப்போனேன். அப்புறம் உன் பெயரை எழுதினேன், முழுப் பெயரும், வயது பத்து என்றும். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக அங்கே மழை, மரம், வேளை என்று ஏதாவது எழுதுவோம். நான் எழுதியது இது: ‘தம்பி பிழைப்பதற்காக.’

பேராசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பத்து வருஷத்தில் முதல்முறையாக என் சீட்டு ஒன்றை முழுதாகப் படித்தார். இதெல்லாம் சீட்டில் எழுதுகிற விஷயமா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பேனாவை வாங்கினார். அடியில் ‘சரிபார்த்தேன், எஸ்தெலா’ என்று கையெழுத்துப் போட்டார்.

உன் தம்பி,
அதெல்சன்